எங்க வீட்டு ஆளு சொன்ன சாட்சி

இந்தப் பக்கம் வந்து உக்காரு பிள்ளே. எனக்கு அந்தக் காது கேக்காது. சின்ன வயசுல குளத்துல குளிக்கையில தண்ணி போயி சீழ் பிடிச்சது, அப்படியே போயிட்டு. நீ எதுவரைக்கும்? பாளையங்கோட்டையா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான், மக வீட்டுக்கு.

கையில என்ன, வேதப்புஸ்தகமா? வாலிபர் முகாமுக்கா போறே? போ, போ, நான் ஒண்ணும் குறை சொல்லல. நானும் கோயில்ல பிறந்து வளந்தவதான். எங்க ஊரு சமாதானவிளை. அங்க வந்து தங்கபுஷ்பம்னு கேட்டா, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மாவான்னு வீட்டைக் காட்டுவாங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன் கேட்டுக்கோ. முகாம்ல போயி மனசு உருகி, ரட்சிக்கப்பட்டுட்டேன்னு எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சிராதே. அந்த எளவு மைக்குதான் என் குடும்பத்தைச் சந்தியில நிறுத்திச்சு.

எங்க வீட்டு ஆளு பேரு வேதமுத்து. பேருல இருக்க வேதத்தைத் தவிர வேற வேதம் அவியளுக்கு ஆகாது. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவிய. கோயிலுக்கு வாரது கிறிஸ்மஸுக்கும் அசனத்துக்கும்தான். அசனம் தெரியும்லா, கோயில் வளாகத்துல ஊரே பந்தி போட்டு உக்காந்து சாப்பிடுமே. அதுல கறிக்கு உப்பு பத்தலன்னு சொல்லுததுதான் அவிய செய்த ஊழியம். மத்த நாளெல்லாம் குடி. கம்பத்துல ஏறுத உடம்பு வலிக்குன்னு குடிப்பாவ, கம்பத்துல ஏறாத அன்னைக்கு அதுக்கும் சேத்துக் குடிப்பாவ.

போன வருஷம் மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாவ. பக்கத்துக் கட்டில்காரன் வீட்டுக்குப் போகையில ஒரு புதிய ஏற்பாட்டை இவிய தலமாட்டுல வச்சிட்டுப் போயிட்டான். செல்போனை நான் பிடுங்கி வச்சிருந்தேன், கூட்டாளி எவனாவது பாட்டிலோட வந்திருவான்னு. வேற பொழுதுபோக்கு கிடையாது, மனுஷன் அதை எடுத்துப் படிச்சிருக்காவ. ரட்சிப்பு வந்த விதம் இதுதான். நான் சின்னப்பிள்ளையில இருந்து வேதம் படிக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா முடிப்பேன், லேவியராகமத்துல கூட ஒரு வரி விட மாட்டேன். ஒரு நாளும் எனக்குக் கண்ணீர் வந்ததில்ல. இவியளுக்கு மத்தேயுவைத் தாண்டுததுக்குள்ள வந்துட்டு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா, தங்கம், நான் புதுச்சிருஷ்டி ஆயிட்டேன்னு சொன்னாவ. பழசெல்லாம் ஒழிஞ்சு போச்சாம், இனி எல்லாம் புதுசாம். சரி, புதுசா இருக்கட்டும், முதல்ல கஷாயத்தைக் குடிங்கன்னேன். குடிய விட்டாச்சு. அதை நான் ஒத்துக்கிடுதேன். ஈரல் இருந்தாத்தானே குடிக்க.

அதுக்கப்புறம் ஊர்ல வீடு வீடா ஏறி இறங்க ஆரம்பிச்சாவ, மன்னிப்புக் கேட்டு. சகேயு கதை தெரியும்லா, மரத்துல ஏறினவன். இவிய கம்பத்துல ஏறினவிய, வித்தியாசம் அவ்வளவுதான். மளிகைக்கடைக்காரரு வீட்டுக் கல்யாணத்துல பாட்டில் வாங்கித் தரலன்னு ஒரு காலத்துல கரண்டு பீஸைப் பிடுங்கிட்டு வந்துட்டாவ. சனங்க கேசரியில கிடக்கது முந்திரியா எறும்பான்னு தெரியாம இருட்டுல தின்னுட்டுப் போச்சு. அந்தக் கல்யாணப் பொண்ணுக்கே இப்ப காலேஜ் போற மகன் இருக்கான். அவகிட்டப் போயி மன்னிச்சுக்கோம்மான்னு நின்னிருக்காவ. அவ, மாமா, எனக்கு அது மறந்தே போச்சேன்னு காப்பி போட்டுக் குடுத்தாளாம். பால்காரன், கொத்தனார், கூட வேலை பாத்தவிய, ஒருத்தரை விடல. தெருநாய்கிட்ட மட்டும்தான் கேக்கல.

எங்கிட்டயா? எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கணும். நான் அதை எதிர்பாக்கவும் இல்ல. சாயங்காலமானா அடுக்களை வாசல்ல வந்து நிப்பாவ. ஏதோ சொல்லப்போற மாதிரி தொண்டையைச் செருமுவாவ. நான் அடுப்பைக் குறைச்சு வைப்பேன், குக்கர் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுல்லா, அதுக்காக. அவிய ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சிட்டு அவிய பாட்டுக்குப் போயிருவாவ. நான் திரும்ப அடுப்பைக் கூட்டி வைப்பேன். ஒரு மாசம் போல அப்படித்தான் போச்சு. குழம்பு ஒரு நாளும் நேரத்துக்கு ஆகல, பாத்துக்கோ.

அப்புறம் லெந்து நாள் வந்தது, ஈஸ்டருக்கு முன்னால வார உபவாச நாளு. எங்க கோயில்ல மூணு நாள் உயிர்மீட்சிக் கூட்டம். வெளியூர் பிரசங்கியாரு. தொண்டை கட்டுத அளவுக்குக் கத்துவாரு, நல்ல மனுஷன்தான். கடைசி நாளு, யாராவது சாட்சி சொல்லுதியளான்னு கேட்டாரு. எப்பவும் சொல்லுத கிழவிகதான் சொல்லும், மாடு காணாமப் போச்சு, ஜெபம் பண்ணினேன், கிடைச்சதுன்னு. நானும் முன் வரிசையில சங்கத்துப் புடவை உடுத்திட்டு, சீக்கிரம் முடிச்சா தேவலைன்னு உக்காந்திருக்கேன். ஆம்பளைக பக்கம் இருந்து எங்க வீட்டு ஆளு எந்திரிச்சுப் போறாவ.

குடிச்சதைச் சொன்னாவ, சரி. பீஸைப் பிடுங்கினதைச் சொன்னாவ, சனம் சிரிச்சது, சரி. அதோட இறங்கியிருக்கலாம்லா. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாவ.

"நான் என் வீட்டுக்காரிய அடிச்சிருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கல்யாணமான வருஷத்துல இருந்து. அவளுக்கு ஒரு காது கேக்காது. அது என் கை பட்டுப் போன காது."

குளத்துத் தண்ணி, சீழுன்னு இப்பத்தான் ஒங்கிட்டச் சொன்னேன். ஊருக்கும் அதைத்தான் சொல்லி வச்சிருந்தேன். நீ யாரோ நான் யாரோ, பாளையங்கோட்டையில இறங்கினா முடிஞ்சது, அதனால சொல்லுதேன். அது என்ன லேசுல கட்டின கதையா பிள்ளே? சித்திரை வெயில்ல முழங்கை மூடுத மாதிரி ஜாக்கெட் தச்சுப் போட்டிருக்கேன். குளியலறையில வழுக்கிட்டுன்னிருக்கேன். ஒரு தடவை மாடு முட்டிட்டுன்னு சொன்னேன். எங்க வீட்டுல மாடே கிடையாது. ஆனாலும் தலையை நிமித்திக் கோயிலுக்குப் போயி வந்தேன்லா. அம்புட்டையும் ஒரு நிமிஷத்துல அந்த மனுஷன் மைக்குல போட்டு உடைச்சுட்டாவ.

கோயிலே அழுவுது. பிரசங்கியாரு ஓடி வந்து அவியளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. எங்க சபைப் போதகர் ஐயரவாள் கண்ணாடியைக் கழத்தித் துடைக்காரு. அல்லேலூயா, ஸ்தோத்திரம்னு ஒரே சத்தம். அடிச்சவிய ஒரு சாயங்காலத்துல பரிசுத்தவான் ஆயாச்சு. அடி வாங்கினவளை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காவ, பாவமேன்னு. நான் யாரைப் பாத்துப் பாவம்னு சொல்லிட்டு இருந்தேனோ, அதுக எல்லாம் என்னையப் பாத்துச் சொல்லுது. பக்கத்து வீட்டு அருமைக்கண்ணு மைனி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அழாதே தங்கம், எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும், சத்தம் கேக்கும்லாங்கா. நான் எங்க அழுதேன்? அவளுக்கு எப்படிக் கேக்கும், பொய் சொல்லுதா. அந்நேரம் நான் ரேடியோவைக் கூட்டி வச்சிருவேன்.

வீட்டுக்கு வந்ததும் அவிய அடுக்களை வாசல்ல நின்னாவ. அன்னைக்குத் தண்ணி கேக்கல. தங்கம், உங்கிட்டத்தான் முதல்ல கேட்டிருக்கணும், எனக்கு வாய் வரல, அங்க போனதும் வந்துட்டுன்னாவ. ஊருக்கே கேட்டாச்சு, எனக்கு ஒரு காதுலயாவது கேட்டிருக்கும்லா, போயிப் படுங்கன்னு கதவைச் சாத்திட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை ஆரம்பிச்சாவ. நான் மிக்சியைப் போட்டுருவேன்.

எங்க தெருக் கடைசியில எப்சிபான்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. புருஷன் தனராஜ், லோடு ஆட்டோ ஓட்டுதான். குடிச்சா கை நீளும். முன்னால ஒரு நாள் உதடு கிழிஞ்சு சங்கத்துக்கு வந்தா. நான் செயலாளர்லா, தனியாக் கூப்பிட்டுப் புத்தி சொன்னேன். உன் வாய் சும்மா இருந்தா அவன் கை சும்மா இருக்கும், என்னையப் பாரு, இத்தனை வருஷத்துல எங்க வீட்டுச் சத்தம் வெளிய கேட்டிருக்கான்னேன். அவ என் முகத்தையே பாத்துட்டு, இல்லக்கான்னா. நல்ல புத்திதான் சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

இவிய சாட்சி சொன்ன மறுநாள் அந்த எப்சிபா எங்க அடுக்களைக்கு வந்துட்டா. கீழ உக்காந்து, கேக்காமலே வெங்காயம் உரிக்கா. அக்கா, இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்கான்னா. என்னமோ நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுட்டு. நான் எங்க, அவ எங்க. அந்தத் தனராஜ் வேற, சாயங்காலமானா எங்க வீட்டுக்கு வந்துருவான். இவிய வேதத்தை விரிச்சு வச்சு எழுத்துல விரலை ஓட்டிப் படிப்பாவ, அவன் பக்கத்துல உக்காந்து கேப்பான். பெரியவரே மாறிட்டாரு, நானும் மாறிருவேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சான். கொஞ்ச நாளா எப்சிபா முகத்துல காயம் ஒண்ணும் இல்லதான். அதுக்கும் நான்தான் காப்பி போட்டேன்.

இதோட விட்டாங்களா? பக்கத்து ஊருக் கோயில்ல எல்லாம் இவியளைச் சாட்சிக்குக் கூப்பிட ஆரம்பிச்சாச்சு. என்னையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ. பத்திரிகையில முடி வளருத தைலத்துக்கு முன்னால பின்னால படம் போடுவாங்கல்லா, அந்த மாதிரி நிறுத்த. நான் தலைவலி, கால்வலின்னு தப்பிச்சிட்டே வந்தேன். கடைசியில எங்க ஊர்க் குடும்ப ஞாயிறு வந்தது. ஐயரவாள் வீட்டுக்கே வந்துட்டாரு. அம்மா, நீங்க முன்னால வந்து, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எத்தனையோ குடும்பம் கட்டப்படும்னாரு. எனக்கு முன்னால அந்த வார்த்தையை அவரே எழுதி வச்சிட்டாரு பாத்தியா. சரி ஐயா, வாரேன்னேன்.

கோயில் நிறைய சனம். பீடத்துக்கு முன்னால எங்க ரெண்டு பேரையும் நிறுத்தினாரு. எங்க வீட்டு ஆளு தலையைக் குனிஞ்சுட்டு நிக்காவ, வெள்ளைச் சட்டை, நான்தான் தேச்சுக் குடுத்தது. எதுத்தாப்புல முன் வரிசையில எப்சிபா, கண்ணு ரெண்டும் நிறைஞ்சு என்னையவே பாக்கா. மைக்கை எங்கிட்டக் குடுத்தாரு. நான் நல்லா நிமிந்து நின்னு, சங்க ஆண்டறிக்கை வாசிக்குத குரல்லயே சொன்னேன்.

"எங்க வீட்டு ஆளு என்மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. காமாலை தலைக்கு ஏறினதுல ஏதேதோ நெனப்பு. நீங்க எல்லாரும் அவியளுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க."

 ஐயரவாளுக்குத் திறந்த வாயை மூட வரல. நான் இவியளைப் பாத்தேன். ஏதாவது சொல்லுவாவன்னு பாத்தேன். இவ பொய் சொல்லுதான்னு சொல்லட்டும், என் காதைக் காட்டட்டும், சத்தம் போடட்டும். மனுஷன்னா தன் சாட்சிக்காக நிக்கணும்லா. அதுக்காக ரத்தம் சிந்தினவங்க கதையெல்லாம் ஞாயிறு பள்ளியில படிச்சிருக்கோம். இவிய என் முகத்தைப் பாத்தாவ. அப்புறம் மைக் இல்லாமலே ஐயரவாள்கிட்டச் சொன்னாவ.

"அவ சொல்லுததே நிக்கட்டும் ஐயா."

அவ்வளவுதான். படி இறங்கிப் போயி கடைசி பெஞ்சுல உக்காந்துட்டாவ. முதுகெலும்பு இல்லாத ஜென்மம். வேதம் படிச்சு என்னத்தைக் கண்டாவ.

அதோட ஊர் வாய் திரும்பிட்டு. பேரு வாங்கதுக்காகக் கதை கட்டின ஆளுன்னு டீக்கடையில பேச்சு. பொய்ச்சாட்சின்னு முகத்துக்கு நேராவே கூப்பிடுதான் ஒருத்தன். ஒரு ஊருலயும் இப்ப இவியளைக் கூப்பிடுததில்ல.  இவிய காலையில எந்திரிச்சு வேதம் படிக்காவ, அப்புறம் வந்து பாத்திரம் கழுவுதாவ. பாத்திரம் கழுவுதாவ பிள்ளே, அந்த மனுஷன். கரி போகாது, நான் திரும்பக் கழுவணும். என்னைய இப்ப ஒருத்தரும் பாவம்னு பாக்கதில்ல. பழையபடி தலையை நிமித்தி நடக்கேன். என்னமோ, பாவத்தை அறிக்கை பண்ணிட்டு அப்பமும் ரசமும் வாங்குத திருவிருந்து ஞாயிறு கிட்டத்துல வந்தா மட்டும், மகளுக்கு மாவாட்ட ஆள் வேணுமேன்னு எனக்குத் தோணிருது. கிரைண்டர் வாங்கிக் குடுத்ததும் நான்தான். நாளைக்கும் திருவிருந்துதான்.

தனராஜா? அவன் சிரிச்சிருக்கான். பெரியவரே சும்மா சொன்னதுதானாம், நான்தான் முட்டாள் மாதிரி குடியை விட்டேன்னு சிரிச்சிருக்கான். அந்த வாரமே பழைய கதை. எப்சிபா ஒரு நாள் மத்தியானம் வந்தா. கண்ணு ஒண்ணு மூடிப் போயி வீங்கிக் கிடக்கு. உக்காரல, வெங்காயம் உரிக்கல. வாசல்படியைப் பிடிச்சிட்டு நிக்கா.

"அப்ப எனக்கு மட்டும்தானாக்கா?"

நான் என்ன சொல்ல? ஊருக்கு முன்னால சொன்னதை இவளுக்காக மாத்த முடியுமா? ஆமா, எனக்கு அப்படி ஒண்ணும் நடந்ததில்லன்னேன். அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. பின்னால தண்ணி விழுத சத்தம் நின்னுட்டு. திரும்பிப் பாக்கேன், எங்க வீட்டு ஆளு கையில சோப்போட நிக்காவ. என்னைய அப்படி ஒரு பார்வை பாத்தாவ. கோபம் இல்ல. கோபம்னா எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு உடம்புக்கே தெரியும். அந்தப் பார்வைக்கு எங்க ஒதுங்கன்னு தெரியல. தங்கம், அவகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்னாவ, ரொம்ப மெதுவா. அன்னைக்கு அவிய கையை ஓங்கியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னையில இருந்து புதுக்கூத்து. சாயங்காலமானா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிட்டுத் தெருக் கடைசிக்குப் போயிருதாவ. தனராஜ் வீட்டு வாசல்ல போட்டு, வேதத்தை மடியில விரிச்சு வச்சு உக்காந்துக்கிடுதாவ. உள்ள போறதில்ல, பிரசங்கம் பண்ணுததில்ல, ஜெபம்கூடக் கிடையாது. சும்மா உக்காந்திருக்கது. தனராஜ் குடிச்சிட்டு வந்து, பொய்ச்சாட்சிக் கிழவா, எந்திரிச்சுப் போலேன்னு ஏசுதான். இவிய ஒரு தாளைத் திருப்புதாவ. அவனும் எவ்வளவு நேரம் ஏசுவான், தெருவே எட்டிப் பாக்குது, உள்ள போயிப் படுத்துருதான். அவன் குறட்டை கேட்ட பிறகு நாற்காலியைத் தூக்கிட்டு வாராவ. மழை பெய்தா குடையைப் பிடிச்சிட்டு உக்காருதாவ. ஊரு சிரிக்கு. ஒங்களுக்கு வெக்கமா இல்லையா, ஊரான் வீட்டுக்குக் காவலான்னு கேட்டேன். கஞ்சியைக் குடிச்சிட்டுப் படுத்துட்டாவ.

என்ன பிள்ளே அப்படிப் பாக்கே? எனக்கு என்ன பொறாமையா. எப்சிபா நல்லா இருந்துட்டுப் போறா, எனக்கு என்ன. நான் சொல்லுதது வேற. அருமைக்கண்ணு மைனி வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான். எதுத்த வீட்டுல, கோயில்ல வேதம் சொல்லிக் குடுக்குத உபதேசியார் குடியிருந்தாரு. அடுத்த தெருவுலதான் கோயில். ரேடியோவை எவ்வளவு கூட்டி வச்சாலும் அதைத் தாண்டிக் கேக்கத்தான் செய்யும், கேட்டிருக்கும். எங்க வாசல்ல ஒருத்தர் வந்து நாற்காலி போட்டு உக்காரல பிள்ளே, ஒரு நாள்கூட உக்காரல.